ஊசியதா, அழுகியதா, மக்கியதா? சிதைவுச் சோதனை சொன்னபடி நடக்காதபோது

"கெட்டுப்போச்சு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சிதைவுச் சோதனையில் கோளாறு தேட முடியாது. சோறு ஊசும், மாவு புளிக்கும், தக்காளி அழுகும், இலை மக்கும், துணி இற்றுப்போகும், ரொட்டியில் பூசணம் பூக்கும். வீட்டில் நாம் சாதாரணமாகப் பிரித்துச் சொல்லும் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு உயிரி, வேறு ஈரம், வேறு காற்றோட்டம் இருக்கின்றன. அதனால் சோதனை சொதப்பினால் முதலில் மாணவரின் குறிப்பேட்டைப் பாருங்கள். "நாலாம் நாள் கெட்டுவிட்டது" என்று இருந்தால், எப்படிக் கெட்டது என்று கேட்டு எழுதவையுங்கள். நூல் இழுக்கிறதா, புளித்த வாடையா, முட்டை நாற்றமா, பஞ்சு போலப் பூத்ததா? பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கீழே வருபவை பள்ளிகளில் வழக்கமாகச் செய்யும் சோதனைகள்: பையில் ரொட்டி, பாட்டிலில் பழமும் ஈஸ்ட்டும், பெட் பாட்டில் உரம், தொட்டியில் புதைத்தல், பயறுக் குடுவை, உப்பு–சர்க்கரைக் குவளைகள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதிலும் வேண்டாம். அவற்றில் வளர்பவை வகுப்பறைக்கு ஏற்றவை அல்ல.

ரொட்டியில் ஒரு வாரமாகியும் பூசணம் வரவில்லை

முதலில் உறையைப் படியுங்கள். கால்சியம் புரோப்பியோனேட் என்றோ 282 என்ற எண்ணோ இருந்தால், பூசணத்தைத் தடுக்கவே சேர்த்த பொருள் அது. அந்த ரொட்டி பத்து நாள்கூடச் சும்மா இருக்கும். அன்றன்று சுட்டு விற்கும் பேக்கரி ரொட்டியையோ வீட்டுச் சப்பாத்தியையோ எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே தனிச் சோதனையாகிவிடும். முதல் ரொட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.

ரொட்டி சரி என்றால் அடுத்தது ஈரம். ஒரு துண்டுக்குச் சொட்டுக்குழாயில் 6 முதல் 8 சொட்டு. ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் பையை வைத்திருந்தால், உள்ளே சூடேறி நீர் ஆவியாகிப் பையின் சுவரில் முத்து முத்தாக நிற்கும். ரொட்டி காய்ந்து ரஸ்க் ஆகிவிடும். அலமாரிக்குள், 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். மூடும் முன் துண்டை அரை மணி நேரம் திறந்து வைத்தால் காற்றிலுள்ள வித்துகள் படியும். மூன்று முதல் ஐந்து நாளில் வெள்ளைப் பஞ்சு தெரியவேண்டும். அதில் குண்டூசித் தலை போலக் கறுப்புப் புள்ளிகள் வந்தால் அது ரைசோபஸ். புள்ளிகள் அதன் வித்துப் பைகள். வெள்ளை கறுப்பானதை "பூசணம் செத்துவிட்டது" என்று மாணவர் எழுதுவது வழக்கம். அது முற்றி விதைக்கிறது, அவ்வளவுதான்.

பூசணத்துக்குப் பதில் கொழகொழவென்று ஆகிவிட்டது

தண்ணீர் அதிகம். ரொட்டியின் துளைகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் பூஞ்சைக்கு மூச்சு இல்லை, பாக்டீரியா முந்திக்கொள்ளும். தொட்டால் பிசுக்கு, பிரித்தால் நூல். நம் வீட்டில் ஊசிப்போன சோறு இதே கதைதான். அதே சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் ஊசாமல் புளிக்கிறது. லாக்டிக் அமிலப் பாக்டீரியா தண்ணீரைப் புளிப்பாக்கி மற்றவற்றை அடக்குகிறது. இந்தப் பையைத் திருத்த முடியாது. "அதிக ஈரம்" என்று பெயரெழுதி அப்படியே வைத்துவிட்டு, புதிய துண்டில் சொட்டை எண்ணிப் போடுங்கள். பை உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. திறக்கவோ அமுக்கவோ கூடாது.

கழுவிய கை, கழுவாத கை: இரண்டு ரொட்டியும் ஒன்றுபோலவே இருக்கின்றன

கழுவிய கையால் ஒரு துண்டையும் கழுவாத கையால் ஒரு துண்டையும் தொட்டு, எதில் பூசணம் அதிகம் என்று பார்ப்பது. இணையத்தில் அழகாக வரும் சோதனை, வகுப்பில் அடிக்கடி கவிழும் சோதனையும் இதுதான். அடுப்பிலிருந்து வரும் ரொட்டியில் உயிருள்ள பூஞ்சை வித்து கிட்டத்தட்ட இருக்காது. அதன்பின் ஆறவைத்த மேசை, வெட்டும் கத்தி, காற்று எல்லாம் வித்தைத் தூவிவிடுகின்றன. கை சேர்ப்பது அதற்கு மேல் ஒரு சிறு பங்கு. அதிலும் கையிலிருந்து பெரும்பாலும் வருவது பாக்டீரியா, பூசணம் அல்ல. ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு துண்டு வைத்தால் முடிவு பூவா தலையாதான்.

இதைச் செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரே ரொட்டியின் நடுத்துண்டுகளை எடுத்து, நான்காக வெட்டி, வகைக்கு 5 கால்துண்டாவது வையுங்கள். யாரும் தொடாத வகைக்கு, கொதிநீரில் முக்கி ஆறவைத்த இடுக்கி. படத்தை மட்டும் ஒட்டாமல், கட்டம் போட்ட ஒளிபுகும் தாளைப் பைமேல் வைத்துப் பூசணம் பிடித்த கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் யோசனை, கைச் சோதனையை விட்டுவிடுங்கள். ஈரம் அல்லது வெப்பநிலையை மாற்றிப் பாருங்கள்: ஒன்று குளிர்பெட்டியில் 4 டிகிரியில், ஒன்று அலமாரியில். வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும்.

பலூன் உப்பவில்லை

500 மி.லி. பாட்டில், நன்றாகக் கனிந்த பழம் 50 கிராம் மசித்தது, ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் 100 மி.லி., வாயில் பலூன். ஒரு மணி நேரத்தில் பலூன் நிமிரவேண்டும். நிமிரவில்லையா? பாட்டிலைச் சாய்த்து உள்ளே நுரை இருக்கிறதா பாருங்கள்.

நுரை இருக்கிறது, பலூன் தொங்குகிறது என்றால் வாயு கசிகிறது. பலூன் கழுத்தை நீரில் அமிழ்த்திக் குமிழி தேடுங்கள். ரப்பர் பேண்டால் இரண்டு சுற்று சுற்றுங்கள். புதிய பலூன் விறைப்பாக இருக்கும், மாட்டும் முன் காற்றடிக்கும் பம்பால் இரண்டு முறை ஊதித் தளர்த்தவேண்டும்.

நுரையே இல்லை என்றால் ஈஸ்ட் செத்திருக்கலாம். ஒரு குவளையில் 40 டிகிரி நீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டாவிட்டால் அந்த டப்பாவை மாற்றுங்கள். 40 டிகிரி என்றால் விரல் விட்டால் சூடு சுகமாக இருக்கும், சுரீரென்றால் அதிகம். 55 டிகிரிக்கு மேல் ஈஸ்ட் தாங்காது. ஈஸ்ட்டும் உயிரோடு இருக்கிறது, நுரையும் இல்லை என்றால் பழத்தைச் சந்தேகியுங்கள். காய்வெட்டான வாழைப்பழத்தில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. ஈஸ்ட் சர்க்கரையை எடுக்கும், மாவுச்சத்தை உடைக்காது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம்தான் வேண்டும்.

பலூன் உப்புவதற்குப் பதில் பாட்டிலுக்குள் இழுத்துக்கொண்டால் பயப்படவேண்டாம். சுடுநீர் ஊற்றிய உடனே மாட்டியிருக்கிறீர்கள். உள்ளிருந்த காற்று ஆறிச் சுருங்கியது. கலவை வெதுவெதுப்புக்கு வந்தபின் மாட்டுங்கள்.

வாயு கரியமில வாயுதானா என்று சுண்ணாம்பு நீரில் விட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, இரவு முழுதும் மூடித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடிகட்டி எடுக்கவேண்டும். நாள்பட்டுக் காய்ந்து கட்டியான சுண்ணாம்பு காற்றிலேயே கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். அதில் எதை விட்டாலும் பால் நிறம் வராது. வந்த பால் நிறம் மறுபடி தெளிந்துபோனால் வாயு மிகையாகப் போய்விட்டது: கரையாத கார்பனேட், கரையும் பைகார்பனேட்டாகிவிட்டது.

உர பாட்டில் நாறுகிறது

இரண்டு லிட்டர் பெட் பாட்டில். அடியில் 8 துளை, பக்கங்களில் மூன்று வரிசைத் துளை; ஆணியைச் சூடாக்கி ஆசிரியர் போடவேண்டும். அடியில் உடைத்த கொட்டாங்குச்சி 3 செ.மீ., அதன்மேல் காய்ந்த இலையும் காய்கறித் தோலும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில், இடையிடையே ஒரு கைப்பிடி தோட்டத்து மண். இப்படிச் செய்தும் நாறினால் எந்த நாற்றம் என்பதுதான் கேள்வி.

அழுகிய முட்டை: காற்று இல்லை. அடியில் நீர் தேங்கியிருக்கும், இல்லையேல் துளை அடைத்திருக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிறது. நாம் மக்கவைக்க நினைத்தோம், அது அழுகுகிறது. மூக்கைச் சுளிக்கும் மூத்திர வாடை என்றால் அம்மோனியா. பச்சைக் கழிவு கூடிப்போய், நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையில்லாத தழைச்சத்தை (நைட்ரஜனை) வாயுவாக வெளியே தள்ளுகின்றன. கரியும் (கார்பன்) தழைச்சத்தும் 25 அல்லது 30-க்கு 1 என்று இருந்தால் நன்றாக மக்கும். காய்கறிக் கழிவு தனியே இதற்குக் குறைவு, காய்ந்த இலை இதற்கு அதிகம். அதனால்தான் அந்த மூன்றுக்கு ஒன்று. புளித்த வாடை முதல் வாரத்தில் வந்தால் விட்டுவிடலாம், தானே அடங்கும்.

முட்டை நாற்றத்துக்கும் அம்மோனியாவுக்கும் சிகிச்சை ஒன்றே. எல்லாவற்றையும் செய்தித்தாளில் கொட்டி, நிழலில் ஒரு மணி நேரம் பரப்பி, அதே அளவு நொறுக்கிய காய்ந்த இலையைக் கலந்து மறுபடி நிரப்புங்கள். குச்சியை விட்டுக் கிளறினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூழாகிப்போன கழிவுக்குத் தாங்கி நிற்க எதுவும் இல்லாததால் மறுநாளே அமுங்கி, காற்று வழியும் அடைந்துவிடும்.

ஈரத்தை அளக்க மீட்டர் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப் பார்த்து நின்றால் சரி. ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு. தேங்காய் நார்க்கழிவைக் காய்ந்த இலைக்குப் பதிலாகப் போட்டவர்களுக்கு இந்தப் பிழிசோதனை அடிக்கடி தோற்கும். அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், கரி விகிதமோ 100-ஐ ஒட்டியது, எளிதில் மக்காத மரப்பொருளான லிக்னினும் அதிகம். ஒரு பருவத்தில் மக்குவதைப் பார்க்க அது உதவாது.

பாட்டிலில் எதுவுமே நடக்கவில்லை, எறும்பு மட்டும் வருகிறது

எறும்பு என்றால் காய்ந்துவிட்டது. நீர் தெளியுங்கள். ஈரம் இருந்தும் அசைவில்லை என்றால் மண்ணைப் பாருங்கள்: கட்டட வேலைக்குக் கொட்டிய செம்மண்ணிலும் கடையில் வாங்கிய தொட்டிக் கலவையிலும் மக்கவைக்கும் உயிர் குறைவு. மரத்தடியில் சருகுக்குக் கீழே இருக்கும் கறுத்த மண்ணில் ஒரு கைப்பிடி போதும். மழை நனைத்த மண்வாசம் அதில் வரும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் அது. இரண்டு வாரம் கழித்து இலைகளுக்கிடையே வெள்ளை நூல் ஓடினால் "பூசணம் பிடித்து வீணாகிவிட்டது" என்று கொட்டிவிடாதீர்கள். வேலை தொடங்கியதன் அடையாளமே அதுதான்.

வெப்பமானி ஏறவில்லை

ஏறாது. உரக்குவியல் 60 டிகிரிக்குப் போகவேண்டுமானால் சுமார் ஒரு கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். இரண்டு லிட்டரில் உண்டாகும் சூடு சுவர் வழியே ஓடிவிடுகிறது. தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தால் ஓரிரு டிகிரி பார்க்கலாம்.

சூட்டைக் காட்டியே தீரவேண்டும் என்றால் வெற்றிடக் குடுவைக்கு (ஃபிளாஸ்க்) வாருங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு குடுவையில், அவித்து ஆறவைத்த பயறு இன்னொன்றில், வாயில் பஞ்சு, நடுவில் வெப்பமானி. முளைப்பயறு சுவாசிப்பதால் அதன் குடுவை ஏறும். இரண்டு நாளில் அவித்த பயறுக் குடுவையும் ஏறத் தொடங்கும்போது வகுப்பே குழம்பும். செத்த பயறு எப்படிச் சூடாகும்? பயறு அல்ல, அதைத் தின்னும் பாக்டீரியாவும் பூஞ்சையும். சுவாசச் சோதனையாக நினைத்தால் இது பிழை. சிதைவுச் சோதனையாக நினைத்தால் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஏறக்கூடாது என்றால் அவித்த பயறையும் குடுவையையும் கிருமிநாசினியில் அலசியபின் போடுங்கள்.

கொதிக்கவைத்து மூடிய சாறும் கலங்கிவிட்டது

1748-இல் நீடாம் என்பவர் கொதித்த குழம்பை அடைத்து வைத்தும் அது கெட்டதைப் பார்த்து, உயிர் தானாகத் தோன்றுகிறது என்றார். ஸ்பல்லன்சானி என்ற இன்னோர் ஆய்வாளர் அதிக நேரம் கொதிக்கவைத்து மறுத்தார். உங்கள் உருளைக்கிழங்குச் சாற்றுக் குவளையில் நடப்பதும் அந்த வழக்குதான். பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரிக் கொதிப்பைத் தாங்கும். பிரஷர் குக்கரில் விசில் வந்தபின் தீயைக் குறைத்து 20 நிமிடம் வைத்தால் 120 டிகிரியை ஒட்டிய சூட்டில் அவை மடியும். குக்கர் இல்லாத பள்ளியில் டிண்டால் என்ற ஆய்வாளர் 1877-இல் காட்டிய வழி இருக்கிறது: மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒருமுறை கொதிக்கவையுங்கள். இடைப்பட்ட இரவில் வித்து முளைத்து மென்மையாகிவிடும், அடுத்த கொதிப்பில் சாகும். குவளை வாயைப் பஞ்சால் அடைத்து, அடைத்தபடியே கொதிக்கவைக்கவேண்டும்.

உப்பு போட்ட குவளையும் கெட்டது, சர்க்கரை போட்டது முதலில் கெட்டது

அளவுதான் காரணம். 200 மி.லி. சாற்றில் ஒரு தேக்கரண்டி உப்பு என்றால் 3 விழுக்காடு. அந்த உப்பில் புளிக்கவைக்கும் பாக்டீரியா கும்மாளம் போடும். மாவுக்கும் ஊறுகாய்க்கும் நாம் பயன்படுத்துவதே அதைத்தான். தடுக்கவேண்டுமானால் 40 கிராம், அதாவது 20 விழுக்காட்டை ஒட்டிப் போகவேண்டும். ஒரு தேக்கரண்டி சர்க்கரை நுண்ணுயிருக்கு விருந்து. ஜாம் கெடாமல் நிற்பது சர்க்கரை 65 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால். அதற்கு 70 மி.லி. சாற்றில் 130 கிராம் கரைக்கவேண்டும். குறைந்த அளவையும் நிறைந்த அளவையும் இரண்டிரண்டு குவளையாக வைத்துவிட்டால் சோதனை தானே பேசும். வினிகர் 30 மி.லி. போதும். எண்ணெய் மிதக்கவிட்ட குவளை கெட்டால் ஆச்சரியமில்லை. அது காற்றை மட்டும் தடுக்கிறது, காற்று வேண்டாத பாக்டீரியாவை அல்ல.

எல்லாக் குவளையும் முதல் நாளே கலங்கலாக இருந்தால் வடித்த கஞ்சியை எடுத்திருக்கிறீர்கள். மாவுச்சத்தின் கலங்கலில் பாக்டீரியாவின் கலங்கல் தெரியாது. 250 கிராம் உருளைக்கிழங்கை ஒரு லிட்டர் நீரில் 20 நிமிடம் வேகவைத்து, மசிக்காமல், துணியில் வடித்தெடுங்கள். குவளைக்குப் பின்னால் அச்சடித்த ஒரு வரியை வைத்து, எந்த நாளில் படிக்க முடியாமல் போனது என்று குறிக்கச் சொன்னால் கலங்கல் அளவாகிவிடும்.

பழ ஈ, புழு

கழிவை மண்ணுக்கடியில் 4 செ.மீ. புதைத்து, வாயில் மெல்லிய துணி கட்டுங்கள். பழ ஈ முட்டையிலிருந்து ஈயாக 10 நாள்தான், அதனால் துணி கட்டியபிறகும் ஒரு தலைமுறை வரும். தோலோடு வந்த முட்டை அது. புழு தானாக உண்டானது என்று யாராவது சொன்னால், 1668-இல் ரெடி என்ற இத்தாலிய ஆய்வாளர் இறைச்சிப் பாத்திரத்தின் வாயை மூடியே அதை மறுத்தார் என்று சொல்லி, துணி கட்டிய பாட்டிலையும் கட்டாததையும் காட்டுங்கள். விரல்கணு நீளத்தில் சாம்பல் நிறத் தடித்த புழு நெளிந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் குஞ்சு. கடிக்காது, மக்குவதைவிட வேகமாக அதுவே தின்று தீர்த்துவிடும் என்பதுதான் தொல்லை.

புதைத்த இலையின் எடை கூடிவிட்டது

மண்ணும் ஈரமும் சேர்ந்து எடை போட்டிருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே நிலையில் எடுக்கவேண்டும்: நொறுங்கும்வரை இரண்டு நாள் வெயிலில் காய்ந்த நிலை. பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்கு நீர். பச்சையாக எடை போட்டுவிட்டுக் காய்ந்ததை ஒப்பிட்டால் மக்காமலே முக்கால் பங்கு "மக்கியிருக்கும்". வெளியே எடுத்ததும் நீரில் ஒரு முக்கு, மென்தூரிகையால் துடைப்பு, பிறகு காயவையுங்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் 5 கிராம் இலையின் மாற்றம் தெரியாது. 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், இல்லாவிட்டால் 20 கிராமாவது வையுங்கள். கொசுவலைத் துணியில் 15 செ.மீ. பை தைத்துப் போட்டால் துண்டுகள் மண்ணில் தொலையாது.

முருங்கை இரண்டு மூன்று வாரத்தில் காம்பாகிவிடும். மா இலை அப்படியே கிடந்தால் அது கோளாறல்ல; மெழுகுப் பூச்சும் லிக்னினும் உள்ள இலை. செய்தித்தாள் ஒரே வாரத்தில் காணாமல்போய், இருந்த இடத்தில் மண்பூச்சு தெரிந்தால் மக்கவில்லை, கரையான் அரித்திருக்கிறது. தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

துணிப்பை மக்கவில்லை

இரண்டு மாதம் கழித்து எடுத்தால் பருத்திக் கைக்குட்டை இற்று நூலாய் வருகிறது, "துணிப்பை" மட்டும் புதிதுபோல இருக்கிறது. பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நெய்த இழை இல்லாமல் புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருந்தால் அது நெய்யாத பாலிபுரொப்பிலீன்: துணி வேடம் போட்ட பிளாஸ்டிக். ஆசிரியர் ஓர் ஓரத்தை இடுக்கியில் பிடித்து, திறந்த வெளியில் தீயில் காட்டட்டும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபின் கைக்கு வரும் பைகளில் எது மஞ்சப்பை, எது வேடம் என்று மாணவரே பிரிக்க இது போதும். பாதி மக்கி வலைபோல ஆன சட்டைத்துணி கிடைத்தால் அது கலப்பு நூல். நுண்ணுயிர்கள் பருத்தியைத் தின்றுவிட்டு பாலியெஸ்டரை விட்டிருக்கின்றன.

"மக்கும்" என்று அச்சிட்ட பையும் தொட்டியில் அசையாமல் கிடக்கலாம். பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனவை ஆலை உரக்குழியின் 60 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் சிதையும். பை துண்டு துண்டாக நொறுங்கியிருந்தால் அதையும் மக்கல் என்று எழுதவேண்டாம். துண்டுகளைப் பொறுக்கி எடை போடுங்கள். எடை குறையாவிட்டால் உடைந்திருக்கிறது, அவ்வளவே.

முடிந்தபின்

பூசணப் பைகளை மாணவர் எவரும் திறக்கக்கூடாது. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் பக்கத்திலேயே வேண்டாம். ஆசிரியர் கையுறையும் முகக்கவசமும் போட்டு, வெட்டவெளியில், பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி நீருக்குள் பையை அமுக்கிப் பிடித்து, நீருக்கடியிலேயே கத்தரியால் வெட்டவேண்டும். வித்து பறக்காது. ஓர் இரவு ஊறியபின் பையைப் பிளாஸ்டிக் கழிவிலும் மிச்சத்தைக் குழியிலும் போடலாம். அடுத்த சோதனையைத் திங்கட்கிழமை தொடங்குங்கள். புதன்கிழமை தொடங்கினால் பஞ்சு பூக்கும் நாள்களில் இரண்டு பூட்டிய அறைக்குள் போய்விடும்.